எந்த சர்வர் முக்கியமானது?

எங்கள் மயிலத்தில் கம்ப்யூட்டரைத் தொடாதவர்களுக்குக்கூட ‘சர்வர் டவுன்’ என்றால் புரியும். கவுண்டரில் அதைக் கேட்டுவிட்டு வேலை முடியாமல் வீடு திரும்பியிருப்பார்கள். பல கம்ப்யூட்டர்கள் கேட்கும் தகவலை ஓரிடத்திலிருந்து எடுத்துத் தரும் கம்ப்யூட்டர்தான் சர்வர். பெரிய நிறுவனங்களில் இவை பல இருக்கும். எல்லாவற்றையும் ஒரே அளவில் பாதுகாக்கப் பணமும் ஆளும் போதாது. எது முக்கியமானது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். சாஃப்ட்வேர் இன்ஜினியரான நான் இதற்கு மூன்று கேள்விகள் கேட்பேன்.

1. இது நின்றால் யார் காத்திருப்பார்கள், எவ்வளவு நேரம்?

சம்பளக் கணக்கு சர்வர் மாத நடுவில் ஒரு நாள் நின்றால் சமாளிக்கலாம். மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை முடிவைத் தரும் சர்வர் நின்றால் நோயாளி காத்திருக்க முடியாது.

2. இதை நம்பி எவை இயங்குகின்றன?

பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் சர்வர் சிறியதாக இருக்கலாம். அது நின்றால் மற்றவை நன்றாக இருந்தும் யாரும் உள்ளே நுழைய முடியாது. பங்குனி உத்திரத்தில் மயிலம் முருகன் தேர் எவ்வளவு பெரியது! அதைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் போடும் முட்டுக்கட்டைதான். அளவையும் விலையையும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

3. இதிலுள்ள தகவல் அழிந்தால் மறுபடி கிடைக்குமா?

இதன் விடையை டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பார்க்கலாம். 2022 நவம்பர் 23 அன்று அங்கே 5 சர்வர்கள் தாக்கப்பட்டன. சுமார் 1.3 டெராபைட் தகவல், திறக்க முடியாதபடி பூட்டப்பட்டது. நோயாளிகளைப் பதிவதும், படுக்கையில் சேர்ப்பதும், டிஸ்சார்ஜ் செய்வதும் காகிதத்துக்கு மாறின. பெரும்பாலான சேவைகள் திரும்ப 2 வாரங்கள் ஆயின. அவை திரும்பியதற்குக் காரணம் ஒரு பேக்கப் சர்வர். நகல் வைத்திருந்த அந்த சர்வர் தாக்குதலில் சிக்கவில்லை. அதிலிருந்த மருத்துவமனைத் தகவலைப் புதிய சர்வர்களில் ஏற்றினார்கள். தினமும் யாரும் எட்டிப் பார்க்காத பேக்கப் சர்வரையும் பட்டியலில் மேலே எழுத வேண்டும் என்பது இதனால்தான்.

உங்கள் வீட்டு கம்ப்யூட்டரிலும் இதே மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள். விண்டோஸ் கெட்டால் மறுபடி இன்ஸ்டால் செய்யலாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோக்களை எங்கே தேடுவீர்கள்? அவற்றை ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். பிறகு அதை கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வையுங்கள். இணைத்தே வைத்திருந்தால் வைரஸ் அதையும் பூட்டிவிடும்.