கழுத்து பிடிச்சுக்கிச்சா?

காலையில் எழுந்ததும் "ஏங்க..." என்று மனைவி கூப்பிடுகிறார். திரும்ப முடியவில்லை. கழுத்தோடு சேர்ந்து உடம்பே மொத்தமாகத் திரும்புகிறது. உடனே ஆளுக்கொரு வைத்தியம்! "தலையணையை வெயில்ல போடு" என்பார் பாட்டி. "சுண்ணாம்பும் தேனும் குழைச்சு பத்து போடுங்க" என்பார் எதிர்வீட்டு மாமி. "சலூன்ல ஒரு சொடக்கு எடுத்தா போச்சு" என்பார் மாமா.

இதில் எதைக் கேட்பது?

ஏன் வருகிறது?

உயரமான தலையணை, குப்புறப் படுப்பது, பஸ்ஸில் தலை தொங்கத் தூங்குவது, மணிக்கணக்கில் குனிந்து செல்போன் பார்ப்பது... இதனால் கழுத்துத் தசை இறுகிக்கொள்கிறது. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். வைத்தியமெல்லாம் அதுவரை வலியைக் குறைக்கத்தான்.

வீட்டிலேயே செய்யலாம்

* கல் உப்பை வாணலியில் வறுத்து, துணியில் முடிந்து ஒத்தடம் கொடுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டும் போதும். 15 நிமிடம், தினம் இரண்டு மூன்று முறை. சூட்டை முதலில் கையில் பாருங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குச் சூடு உறைக்காமல் போகலாம்; பக்கத்தில் இருப்பவர் பார்த்துக் கொடுப்பது நல்லது.

* நல்லெண்ணெயை லேசாகச் சூடாக்கி மெதுவாகத் தடவலாம். அழுத்திப் பிசைய வேண்டாம்.

* அசையாமல் படுத்தே இருந்தால் இறுக்கம் அதிகமாகும். வலி பொறுக்கும் அளவுக்கு இடம், வலம், கீழே என மெதுவாக அசையுங்கள்.

* கழுத்து நேராக இருக்கும்படி உயரம் குறைந்த தலையணை வையுங்கள்.

தலையணையை வெயிலில் போட்டால்? கழுத்துக்குப் பலன் இல்லை, தலையணைக்கு நல்லது!

இது வேண்டவே வேண்டாம்

சலூனில் கழுத்தை 'கடக்'கென்று திருப்புவது விளையாட்டல்ல. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கழுத்தெலும்புகளுக்கு ஊடேதான் செல்கிறது. வெடுக்கென்று திருப்பும்போது அது கிழிந்து, பக்கவாதம் வரை போகலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் வாழ்நாள் பாதிப்பு.

சுண்ணாம்புப் பத்தும் வேண்டாம். அதன் காரம் தோலைப் புண்ணாக்கிவிடும். சுண்ணாம்பைச் சுவருக்கு விட்டுவிட்டு, தேனை நாக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே டாக்டரிடம் ஓடுங்கள்

* காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தியோடு, முகவாயை நெஞ்சில் தொட முடியாவிட்டால்
* கை மரத்துப் போனால், பலமிழந்தால்
* விழுந்தோ, அடிபட்டோ வந்த வலி என்றால்
* வலி தாடைக்கோ, நெஞ்சுக்கோ, இடது கைக்கோ பரவி வியர்த்தால். இது மாரடைப்பாகவும் இருக்கலாம்!

தேனீயைத் தெரிந்துகொள்ளுங்கள்!

மாமி சொன்ன தேனைத் தந்த தேனீயைப் பற்றியும் கொஞ்சம்...

* ஒரு டீஸ்பூன் தேன் சேர, சுமார் 12 தேனீக்கள் வாழ்நாள் முழுக்க உழைக்க வேண்டும். சுறுசுறுப்பான காலத்தில் வேலைக்காரத் தேனீயின் ஆயுளே ஆறு வாரம்தான்.

* வேலைக்காரத் தேனீக்கள் எல்லாமே பெண்கள். ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது.

* பூ இருக்கும் திசையையும் தூரத்தையும் நடனமாடிச் சொல்லும். இதைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார்.

* மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ என நம் ஊரில் பல வகை. பெட்டியில் வளர்ப்பது பெரும்பாலும் அடுக்குத்தேனீ. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் இதற்குப் பேர் போன இடம்.

* கொட்டினால் கொடுக்கைத் தோலிலேயே விட்டுவிடும். நகத்தால் உடனே சுரண்டி எடுத்து, சோப்பு போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். இங்கேயும் சுண்ணாம்பு கூடாது. மூச்சு திணறினாலோ, முகம் வீங்கினாலோ, நிறைய தேனீக்கள் கொட்டியிருந்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

* ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு நாக்கில் தொட்டு வைக்கக்கூடத் தேன் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சைக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை!