எடுத்து வளர்க்கும் பிள்ளையின் பெயரும் பத்திரமும்



அநாதையைப் பொறுப்பேற்று வளர்ப்பவர் சுவனத்தில் தமக்கு எவ்வளவு நெருக்கமாக இருப்பார் என்பதை நபி (ஸல்) அவர்கள் சுட்டுவிரலையும் நடுவிரலையும் உயர்த்திக் காட்டி விளக்கினார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள இந்த நபிமொழியைக் கேள்விப்படாத முஸ்லிம் வீடு இருக்க முடியாது. பிள்ளைப் பாக்கியம் கிடைக்காத எத்தனையோ தம்பதியர் இந்த நன்மையை நாடியே ஒரு பச்சிளங் குழந்தையைத் தம் வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். அல்லாஹ் அவர்களுடைய நல்லெண்ணத்தை ஏற்றுக்கொள்வானாக.

பிள்ளை வீட்டுக்கு வந்ததும் தொட்டில் வருகிறது. பால்மா வருகிறது. வெள்ளவத்தை என்ன, கொட்டாஞ்சேனை என்ன, அக்கம் பக்கத்தார் எல்லோரும் பார்க்க வருகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் கடதாசிகளைப் பற்றி மட்டும் எவரும் பேசுவதில்லை. பேசினாலும், "நாங்கள்தானே வளர்க்கப் போகிறோம், வாப்பா உம்மா என்று எங்கள் பெயரையே எழுதிவிட்டால் என்ன?" என்ற கேள்வியோடு முடிந்துவிடுகிறது.

என்ன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பிள்ளையைப் பெற்றவர் யார் என்ற உண்மை அந்தப் பிள்ளைக்கு உரிய அமானிதம். அதை மறைக்கவோ மாற்றவோ நமக்கு உரிமை இல்லை.

ஸைத் (ரழி) அவர்களின் பெயர்

ஸைத் இப்னு ஹாரிஸா (ரழி) அவர்கள் சிறு வயதில் கொள்ளையரால் பிடிக்கப்பட்டு, உக்காழ் சந்தையில் அடிமையாக விற்கப்பட்டார்கள். அங்கிருந்து கதீஜா (ரழி) அவர்களின் வீட்டுக்கு வந்து, பின்னர் நபியவர்களிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். பெற்ற தந்தை ஹாரிஸா மகனைத் தேடித் தேடிக் கடைசியில் மக்காவுக்கே வந்து சேர்ந்தார். "நீ விரும்பினால் தந்தையோடு போகலாம்" என்று நபியவர்கள் உரிமை கொடுத்தும், ஸைத் அவர்கள் நபியவர்களோடு இருப்பதையே தெரிவு செய்தார்கள். அதன் பின் ஊரார் அவரை ஸைத் இப்னு முஹம்மத் என்றே அழைத்தனர்.

பிற்காலத்தில் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4 ஆம், 5 ஆம் வசனங்கள் இறங்கின. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தந்தையரின் பெயரோடு இணைத்தே அழைக்க வேண்டும், அதுவே அல்லாஹ்விடம் நீதியானது என்ற கட்டளை வந்தது. தந்தை யாரென்று தெரியாவிட்டால், அவர்கள் மார்க்கத்தில் உங்கள் சகோதரர்கள் என்றும் சொல்லப்பட்டது. அன்றிலிருந்து அவர் மீண்டும் ஸைத் இப்னு ஹாரிஸா ஆனார்.

பெயர் மாறியதால் அன்பு குறைந்ததா, சகோதரிகளே? இல்லை. ஹிஜ்ரி 8 இல் மூஃதாப் போருக்குப் புறப்பட்ட படைக்கு முதல் தளபதியாக நியமிக்கப்பட்டவர் அவர்தான். ஸஹாபாக்களுள் அல்குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டவரும் அவர் ஒருவரே. வளர்ப்பதை இஸ்லாம் தடுக்கவில்லை. வேரை அறுத்து வேறு மரத்தில் ஒட்டுவதைத்தான் தடுத்தது. முன்னையதற்குக் கஃபாலா என்றும், பின்னையதற்குத் தபன்னீ என்றும் பெயர். 1989 இன் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சமவாயம்கூட அதன் 20 ஆம் உறுப்புரையில் இஸ்லாமியச் சட்டத்தின் கஃபாலாவைப் பெயர் சொல்லி ஏற்றிருக்கிறது.

பொய்ப் பத்திரம் செய்த கொடுமை

பத்திரத்தில் பொய் எழுதினால் என்ன நேரும் என்பதை அறிய வேறு தேசத்துக்குப் போக வேண்டாம். நம் இலங்கையிலேயே பாடம் இருக்கிறது. 1970 களிலும் 1980 களிலும் இங்கிருந்து ஏறத்தாழ 11,000 பிள்ளைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். அவர்களில் சுமார் 4,000 பேர் நெதர்லாந்துக்குச் சென்றவர்கள். நல்ல நோக்கத்தோடு வந்த வெளிநாட்டுத் தம்பதியர் பலர் இருந்தனர். ஆனால் இடையில் தரகர்கள் புகுந்தனர். பெற்ற தாய்க்குப் பதிலாக வேறொரு பெண் தாயாக நடித்துக் கையொப்பம் வைத்த சம்பவங்கள் நடந்தன. பிறப்புப் பத்திரங்கள் போலியாகத் தயாரிக்கப்பட்டன. பிள்ளை இறந்துவிட்டது என்று சொல்லப்பட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய தாய்மாரும் இருந்தனர்.

2017 இல் நெதர்லாந்தின் 'ஸெம்ப்லா' தொலைக்காட்சி நிகழ்ச்சி இதை வெளிக்கொண்டு வந்தபோது, அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன குழந்தைப் பண்ணைகள் இயங்கியதை ஒப்புக்கொண்டார். 2020 டிசம்பரில் சுவிட்சர்லாந்து அரசு வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே இடைநிறுத்தியது.

அன்று குழந்தைகளாகப் போனவர்கள் இன்று நாற்பது வயதைக் கடந்தவர்கள். ஒரு கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு பெற்ற தாயைத் தேடி இலங்கைக்கு வருகிறார்கள். கோப்பில் பெயர் இருக்கிறது, முகவரியும் இருக்கிறது. போய்த் தட்டினால், அந்தப் பெண் தன் தாயே இல்லை என்று தெரிய வருகிறது. பிள்ளையைத் தேடி வந்த ஹாரிஸாவுக்கு ஒரு தடயமாவது கிடைத்தது. இவர்களுக்கு அந்தத் தடயத்தையும் ஒரு பொய்ப் பத்திரம் அழித்துவிட்டது.

வெளிநாட்டார் செய்தது அநியாயம் என்று சொல்லும் நாம், நம் வீட்டுக்கு வந்த பிள்ளையின் பிறப்புப் பதிவில் நம் பெயரைப் பெற்றோர் என்று எழுதினால், அதே அநியாயத்தை அல்லவா செய்கிறோம்?

சட்டத்தில் இரண்டு வாசல்கள்

இந்நாட்டில் இவ்விடயத்துக்கு அடிப்படையானது 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அரச பத்திரங்களில் தத்தெடுப்பை மகவேற்பு என்பார்கள். இச்சட்டத்தில் இரண்டு வாசல்கள் உண்டு.

முதலாவது மகவேற்பு. மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எடுப்பவர் 25 வயதுக்குக் குறையாதவராகவும், பொதுவாகப் பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராகவும் இருக்க வேண்டும். பிள்ளை 14 வயதுக்குக் குறைந்திருக்க வேண்டும். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்கள உத்தியோகத்தர் விசாரித்து அறிக்கை கொடுப்பார். நீதிமன்றக் கட்டளை கிடைத்த பின், பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மகவேற்புப் பதிவேட்டில் அது பதியப்படும். அங்கிருந்து கிடைப்பதே மகவேற்புச் சான்றிதழ். பாடசாலை, கடவுச்சீட்டு, அடையாள அட்டை என்று எங்கு போனாலும் இதைக் காட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது வாசல் நம்மில் பலருக்குத் தெரியாது. பெற்றோர் அல்லாத ஒருவர், தம் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைக்குப் பொறுப்பாளராகப் பதிவு செய்துகொள்ளவும் இதே சட்டம் இடம் வைத்திருக்கிறது. பிள்ளையின் வம்சத்தை மாற்றாமல் வளர்க்கும் பொறுப்பை மட்டும் ஏற்பதால், இது கஃபாலாவுக்கு நெருக்கமானது. சட்டத்தரணியிடம் போகும்போது இந்த வழி உங்களுக்குப் பொருந்துமா என்று கட்டாயம் கேளுங்கள்.

மகவேற்பு வழியில்தான் போக வேண்டியிருந்தாலும் அஞ்ச வேண்டாம். மகவேற்புச் சான்றிதழ் உங்களைப் பெற்றவர் என்று சொல்வதில்லை, மகவேற்றவர் என்றுதான் சொல்கிறது. அது உண்மை. பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்ற விதியைச் சாக்காக வைத்து, அவசரமாக உங்கள் பெயரைப் பெற்றோர் என்று எழுதிக் கொடுப்பதுதான் பொய். அது மார்க்கத்தில் பாவம், நாட்டுச் சட்டத்தில் குற்றம்.

பெயர் வைக்கும்போதும் கவனம் தேவை. நம் வழக்கத்தில் பெயருக்கு முன்னால் வரும் எழுத்து வாப்பாவின் பெயரைக் குறிக்கும். பெற்ற தந்தையின் பெயர் தெரிந்தால் அதையே வையுங்கள். தெரியாவிட்டால் அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் போன்ற பொதுவான பெயரை அந்த இடத்தில் வைக்கலாம் என்று உலமாக்கள் வழிகாட்டியுள்ளார்கள். தந்தை பெயர் தெரியாமல் இருப்பது இழிவல்ல. அபூ ஹுதைபா (ரழி) அவர்களிடம் வளர்ந்த ஸாலிம் (ரழி) அவர்களின் தந்தை பெயர் தெரியாததால், அபூ ஹுதைபாவின் மவ்லா ஸாலிம் என்றே அழைக்கப்பட்டார். அவரே குபாவில் முஹாஜிர்களுக்கு இமாமாக நின்றவர்.

கடல் கடந்து போகும் பிள்ளை

லண்டனிலும் டொரொன்டோவிலும் நம் உறவினர் இருக்கிறார்கள். "தங்கச்சியின் பிள்ளையை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, சுற்றுலா விசாவில் பிள்ளையைக் கூட்டிப் போய் அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. இது பெரும் ஆபத்து. 1992 இல் இலங்கைச் சட்டம் திருத்தப்பட்டு வெளிநாட்டு மகவேற்பு இறுக்கப்பட்டது. 1993 இன் ஹேக் சமவாயம் 1995 மே முதலாம் திகதி தொடக்கம் இலங்கையில் நடைமுறையில் இருக்கிறது. உறவினர் என்பதற்காக இந்த விதிகளிலிருந்து விலக்கு இல்லை. பிள்ளை விமானம் ஏறும் முன்பே இரு நாட்டு அதிகாரிகளும் சம்மதித்திருக்க வேண்டும்.

பிள்ளை அங்கு போய்ச் சேர்ந்த பின் செய்ய வேண்டியதும் உண்டு. சமவாயத்தின் 23 ஆம் உறுப்புரைப்படி, மகவேற்பு முறையாக நடந்தது என்ற அத்தாட்சியைப் பெற்று வைத்திருங்கள். நீதிமன்றக் கட்டளை, மூலப் பிறப்புப் பத்திரம், மகவேற்புச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலப் பிரதிகளை எவரிடமும் கொடுத்துவிடாதீர்கள், உறுதிப்படுத்திய பிரதிகளையே கொடுங்கள். குடியுரிமை தானாகக் கிடைத்துவிடும் என்று இருக்காமல், அந்நாட்டில் எழுத்து மூலம் கேட்டு உறுதி செய்யுங்கள். அதே சமவாயத்தின் 30 ஆம் உறுப்புரை, பிள்ளையின் பூர்வீகம் பற்றிய தகவலைப் பாதுகாக்கும்படி அரசுகளைக் கட்டாயப்படுத்துகிறது. அல்குர்ஆன் நமக்கு இட்ட கட்டளையை எவ்வளவு ஒத்திருக்கிறது, பாருங்கள்.

வீட்டில் எழுதி வைக்க வேண்டிய கடதாசி

எந்தத் திணைக்களமும் தராத ஒரு கடதாசியும் உண்டு. வளர்ப்புப் பிள்ளை பருவமடைந்தால் ஹிஜாப் பிரச்சினை வருகிறது. இதற்கு ஷரீஅத் தந்த வழி பாற்குடி உறவு. இரண்டு வயதுக்குள் ஐந்து தடவை பாலூட்டப்பட்டால் அந்த உறவு நிலைக்கும் என்பது ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. எடுத்தது பெண் பிள்ளையானால் உங்கள் கணவரின் சகோதரி பாலூட்டினால் அவர் அதற்கு மாமாவாகி மஹ்ரம் ஆகிறார். ஆண் பிள்ளையானால் உங்கள் சகோதரி பாலூட்டினால் நீங்கள் அதற்குச் சாச்சி அல்லது பெரியம்மா ஆகிறீர்கள்.

யார், எப்போது, எத்தனை தடவை ஊட்டினார் என்பதை எழுதி, சாட்சிகளின் கையொப்பத்தோடு வையுங்கள். பாலூட்டியவரின் பிள்ளைகளை இந்தப் பிள்ளை மணக்க முடியாது. இருபது வருடம் கழித்து யாருக்கு ஞாபகம் இருக்கும்?

சொத்தும் நிகாஹும்

வளர்ப்புப் பிள்ளைக்கு ஷரீஅத்தின் வாரிசுப் பங்கு இல்லை. அது தன்னைப் பெற்றவர்களிடமே வாரிசாகிறது. நாட்டின் மகவேற்புச் சட்டமோ அப்பிள்ளையைப் பொதுவாக எடுத்தவரின் பிள்ளையாகவே பார்க்கிறது. இரண்டும் இரண்டு வழியில் போவதால், மௌத்துக்குப் பின் சாச்சாமார் ஒரு பக்கமும் பிள்ளை மறுபக்கமுமாகப் புதுக்கடை நீதிமன்றத்தில் நிற்கும் நிலையை உண்டாக்கிவிடாதீர்கள். உயிரோடு இருக்கும்போதே செய்யக்கூடியவை இரண்டு. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வஸிய்யத் எழுதலாம். அல்லது இப்போதே ஹிபாவாகக் கொடுத்துவிடலாம். நொத்தாரிசு முன் நன்கொடை உறுதி எழுதும்போது, மீளப் பெற முடியாதது என்ற வாசகம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, அப்படி எழுதப்படாத உறுதி மீளப் பெறக்கூடியதாகவே கருதப்படும்.

பெண் பிள்ளையை வளர்த்த வாப்பா எவ்வளவு பாசக்காரராக இருந்தாலும் நிகாஹுக்கு வலியாக நிற்க முடியாது. பெற்ற வழியில் வலி இருந்தால் அவர் வேண்டும். எவரும் இல்லையென்றால் காழியிடம் போக வேண்டும். உண்மையை மறைத்தவர்களின் இரகசியம் உடைவது பெரும்பாலும் இந்த நாளில்தான். மணப்பெண் கோலத்தில் இருக்கும் பிள்ளை, தான் யார் என்பதை அன்றைக்கா அறிய வேண்டும்?

ஆகவே சிறு வயதிலேயே, அதற்கு விளங்கும் மொழியில், அன்போடு சொல்லிவிடுங்கள். "உன்னைப் பெற்ற உம்மா ஒருவர் இருந்தார். அல்லாஹ் உன்னை எங்களிடம் அமானிதமாகத் தந்தான்" என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை அதைக் குறையாக எண்ணாது. ஒரு கோப்பு வாங்கி, மூலப் பிறப்புப் பத்திரம், நீதிமன்றக் கட்டளை, மகவேற்புச் சான்றிதழ், பெற்றவர் பற்றித் தெரிந்த விபரம், பாலூட்டிய குறிப்பு, வஸிய்யத் அல்லது உறுதி எல்லாவற்றையும் அதில் வைத்து, வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கும் சொல்லி வையுங்கள். பிள்ளை வளர்ந்து கேட்கும் நாளில் அதன் கையில் கொடுங்கள்.

அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கும் கூட்டத்தில் அல்லாஹ் நம் அனைவரையும் சேர்ப்பானாக. ஆமீன்.