சி மொழியின் குறும்பு வினாக்கள்

பசறை, தெமோதரை முதலிய தோட்டங்களிலிருந்து வந்து பயிலும் நம் மாணாக்கருட் சிலர் இன்று கணினித் துறையை நாடுகின்றனர். 2005 ஆம் ஆண்டில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே தோன்றியமையால் அக்கல்வி அண்மையில் வந்துவிட்டது. உத்தியோகத்துக்கோ பெரும்பாலும் கொழும்புக்கே செல்லல் வேண்டும். ஆங்கு நேர்முகப் பரீட்சையிற் சி மொழி பற்றித் தொடுக்கப்படும் சில குறும்பு வினாக்களின் இயல்பை ஈண்டு விளக்குவோம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி என்பார் 1972 ஆம் ஆண்டளவில் ஆக்கிய மொழி இது. நிரல் எழுதுவோன் தன் தொழிலை அறிந்தவன் என நம்பி, விரைவின் பொருட்டுப் பல காவல்களை அது வைக்காது விட்டது. குறும்பு வினாக்கள் அங்கேதான் பிறக்கின்றன.

பத்துக் காம்பராக்கள் கொண்ட லயமொன்றை அணியாகக் கொள்வோம். சி மொழி அவற்றுக்கு 0 முதல் 9 வரை இலக்கமிடும். 10 ஆம் இலக்கக் கதவைத் தட்டினால், அப்படியொரு காம்பரா இல்லையென்று அது தடுப்பதில்லை. அயலிற் கிடப்பதை எடுத்துத் தரலாம். நிரலே வீழ்ந்தும் போகலாம். அந்த அணியை ஒரு சார்புக்கு அனுப்பும்போதும் லயம் போவதில்லை, முதற் காம்பராவின் விலாசமே போகிறது. ஆதலால் வெளியே 40 பைற்று என அளந்த 'சைஸ்ஒஃப்', சார்பினுள்ளே 64 பிற்றுக் கணினியில் 8 என்றே கூறும்.

இனி, பலரை மயக்கும் வினா: க = 5 எனின், க++ + ++க என்பதன் பெறுமதி யாது? 12 என்று மனனஞ் செய்தோர் பலர். உண்மையில் இதற்கு விடையே இல்லை. ஒரே செக்றோல் வரியை இரு கணக்கப்பிள்ளைமார் ஒரே வேளையில் திருத்துவது போன்றது இது. யார் முந்துவர் என 1989 ஆம் ஆண்டின் நியமம் விதிக்கவில்லை. அன்றியும், அத்தகைய கோவையையே வரையறைக்குப் புறம்பானதென ஒதுக்கிவிட்டது. தொகுப்பிக்குத் தொகுப்பி விடை மாறலாம்.

பெரியோர் முன் எதிர்மொழி கூறாது வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, 'இது வரையறுக்கப்படவில்லை' என்று சொல்ல நா எழாது. வினவுபவரே 12 ஐ எதிர்பார்த்திருக்கவுங் கூடும். ஆயினும் காரணத்தைப் பணிவுடன் எடுத்துரைப்பதே தக்கது. எவரும் எழுதலாகாத வரியைப் பரீட்சைப் பொருளாக்குவது நன்றன்று என்பது எம் கருத்து. கேட்போர் கேட்கவே செய்வர்.

ஜிசிசி தொகுப்பியை '-வோல்' என்னுந் தெரிவுடன் இயக்கிப் பார்க்க. மேற்கூறிய கோவையை அது எச்சரிக்கும். '==' இடவேண்டிய நிபந்தனையில் '=' இட்டாலும் பெரும்பாலும் சொல்லிவிடும். 10 ஆம் காம்பராவின் கதவை மட்டும் எப்போதும் காட்டித் தராது.