எதிர்ப்பு சக்தி எனும் புதிர் - 14: ஸ்டைன்மனின் நாலரை ஆண்டுகள்

2011 அக்டோபர் 3. ஸ்டாக்ஹோமில் மருத்துவ நோபல் பரிசை அறிவிக்கிறார்கள். மூவரில் ஒருவர் ரால்ஃப் ஸ்டைன்மன். செப்டம்பர் 30-ம் தேதியே அவர் இறந்துவிட்டார் என்பது நோபல் குழுவுக்குத் தெரியாது. இறந்தவருக்குப் பரிசு கிடையாது என்பது விதி. உயிரோடு இருப்பதாக நம்பி எடுத்த முடிவு என்பதால், பரிசு அவருக்கே என்று பிறகு உறுதி செய்தார்கள்.

அவரைக் கொண்டுபோனது கணையப் புற்றுநோய். போன வாரம் பார்த்த டென்ட்ரைட்டிக் செல்லை 1973-ல் உலகுக்குச் சொன்னவர் இவர்தான். எதைத் தாக்க வேண்டும் என்று டி செல்லுக்கு அடையாளம் காட்டிக்கொடுக்கும் செல் அது. 2007-ல் நோய் தன்னையே பிடித்தபோது, அந்தச் செல்களைக் கொண்டு செய்த தடுப்பூசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். அறுவை சிகிச்சை, கீமோவும் உண்டு. நாலரை ஆண்டு இருந்தார். ஊசிதான் காரணமா? சொல்ல முடியாது. நோபல் விஞ்ஞானியே ஆனாலும், ஒற்றை நோயாளியை வைத்து மருத்துவம் தீர்ப்பு எழுதாது.

அமெரிக்காவிலேயே இந்த நோயாளிகளில் ஐந்தாண்டு தாண்டுபவர்கள் நூற்றுக்குச் சுமார் 13 பேர்தான். கணையக் கட்டியை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், புற்றுச் செல்களைச் சுற்றி நார்த்திசு மண்டிக் கிடக்கும். அங்கே எதிர்ப்புச் செல்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பல மேக்ரோஃபேஜ்கள் கட்சி மாறிக் கட்டியை வளர்க்கின்றன. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் தாக்குதலை அடக்கி வைக்கின்றன. கொல்ல வேண்டிய சிடி8 டி செல்களோ பெரும்பாலும் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன.

அப்படியானால் சிலர் மட்டும் பல ஆண்டு பிழைப்பது எப்படி? நியூயார்க் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையின் அறுவை நிபுணர் வினோத் பாலச்சந்திரன் குழு, அப்படிப் பிழைத்தவர்களின் கட்டிகளை ஆராய்ந்து 2017-ல் முடிவை வெளியிட்டது. சிடி8 செல்கள் நிறைய இருந்தால் மட்டும் போதவில்லை. புற்றில் புதிதாக முளைத்த அடையாளப் புரதங்கள் நிறைய இருந்தால் மட்டும் போதவில்லை. இரண்டும் சேர்ந்திருந்தவர்களே அதிக காலம் வாழ்ந்தார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே முக்கியமான கண்டுபிடிப்பு இதுதான்.

அடுத்து அந்தக் குழு, அறுவை சிகிச்சை முடிந்த 16 பேருக்கு, அவரவர் கட்டியின் அடையாளங்களை வைத்து ஆளுக்கொரு எம்ஆர்என்ஏ தடுப்பூசி போட்டது. எட்டுப் பேரின் டி செல்கள் விழித்துக்கொண்டன. எட்டுப் பேருக்கு இல்லை. மூன்றாண்டு கடந்து பார்த்தபோது, முதல் எட்டில் இருவருக்கே நோய் திரும்பியிருந்தது. மற்ற எட்டில் ஏழு பேருக்குத் திரும்பிவிட்டது. இரண்டாம் அணியின் எதிர்ப்பு சக்தியே பலவீனமோ என்றால், கோவிட் தடுப்பூசிக்கு அவர்கள் உடலும் சமமாகவே பதில் சொல்லியிருந்தது! 16 பேர் என்பது சின்னக் கணக்கு. பெரிய ஆய்வு நடக்கிறது.

இந்த ஊசியே அறுவை செய்ய முடிந்தவர்களுக்குத்தான். நோயாளிகளில் பெரும்பாலோர் அந்தக் கட்டம் தாண்டித்தான் வருகிறார்கள். வலியில்லாத மஞ்சள் காமாலை, காரணமில்லாத எடைக் குறைவு, ஐம்பதுக்கு மேல் திடீர் சர்க்கரை என்று வந்தால், கீழாநெல்லியோடு நாள் கடத்தாமல் மருத்துவரிடம் போய், ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள்.