தொலைபேசிப் பணிநெறிக் குறிப்புகளில் தமிழ்வழி மாணவர்தம் ஆங்கிலப் பிழைகளும் திருத்த முறையும்

முன்னுரை

சென்னை மெரினா கடற்கரையின் தென்பகுதியில், லூப் சாலையை ஒட்டி அமைந்துள்ள மீனவர் குடியிருப்பு நொச்சிக்குப்பம். இதுபோன்ற கடலோரக் குடியிருப்புகளிலிருந்து தமிழ்வழியில் பயின்று அலுவலகப் பணியை நாடும் இளைஞருக்கு ஆங்கிலத் தொலைபேசி உரையாடல் ஒரு தடையாக அமைகின்றது. 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் ஆங்கிலத் தொடர்புத் திறனுக்கும் இடமளிக்கின்றது. இத்தகு பயிற்சிகளில், அலுவலகத் தொலைபேசியில் பேசும் முறை குறித்த பணிநெறிக் குறிப்பை மாணவரே எழுதுதல் பயன் தரும். அதைத் திருத்தும் ஆசிரியர் எப்பிழையை முதன்மையாகக் கருத வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது. இங்குள்ள தொடர்கள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை.

தமிழமைப்பின் தாக்கம்

எஸ். பிட் கார்டர் 1967இல் வெளியிட்ட கட்டுரையில், சோர்வாலோ மறதியாலோ நேரும் வழுவையும், கற்போரின் மொழியறிவு நிலையைக் காட்டும் ஒழுங்கான பிழையையும் வேறுபடுத்தினார். பின்னதற்குக் காரணம் உண்டு. காரணம் அறிந்தால் திருத்தம் எளிதாகும்.

‘அவரிடம் தெரிவிக்கிறேன்’ என்னும் தமிழ்த்தொடரின் வேற்றுமை உருபே ‘ஐ வில் இன்ஃபார்ம் டு ஹிம்’ என்பதில் ‘டு’ ஆகின்றது. ‘அதைப் பற்றி’ என்பதே ‘டிஸ்கஸ் அபவுட்’ எனத் தோன்றுகின்றது. ‘போனை வைத்துவிடாதீர்கள்’ என்பதை ‘டூ நாட் கீப் தி போன்’ என எழுதினால் பொருளே மாறிவிடும். தமிழில் ‘வை’ என்பது இங்கு இணைப்பைத் துண்டித்தலைக் குறிக்க, ஆங்கிலத்தில் ‘கீப்’ என்பது தன்னிடம் வைத்திருத்தலைக் குறிக்கின்றது. இவ்விடத்தில் ‘ஹேங் அப்’ என்பதே பொருந்தும்.

‘அட்டெண்ட் தி கால்’, ‘கட் தி கால்’ போன்றவை இத்தகையன அல்ல. பிரஜ் கச்ரு 1983இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்த இந்திய ஆங்கில வழக்கின்பாற்படுவன இவை. இவற்றைப் பிழை எனக் குறிக்காமல், அயல்நாட்டார் ‘ஆன்சர்’, ‘ஹேங் அப்’ என்பர் என்று சுட்டினால் போதும்.

இலக்கணம் வழுவாத பிழை

சிவப்பு மையில் அகப்படாத பிழை ஒன்றுண்டு. ‘நீங்கள் யார்?’ என்பதை மாணவர் ‘ஹூ ஆர் யூ?’ என எழுதுகிறார். ‘காத்திருங்கள்’ என்பதை ‘வெயிட்’ என எழுதுகிறார். இரண்டிலும் இலக்கணக் குறையில்லை. ஆயினும் அழைத்தவர் காதில் அவை அதட்டலாக ஒலிக்கும்.

தமிழில் பணிவு ‘நீங்கள்’ என்னும் பெயரிலும் ‘-ங்கள்’ என்னும் ஈற்றிலும் உறைகின்றது. ஒருவரைப் பன்மையால் குறிக்கும் உயர்சொல் வழக்கைத் தொல்காப்பியக் கிளவியாக்கமே பேசுகின்றது. இன்றைய ஆங்கில ‘யூ’ ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாதலின், மொழிபெயர்ப்பில் அப்பணிவு உதிர்ந்துவிடுகின்றது. ஆங்கிலம் அதனை ‘மே ஐ’, ‘குட் யூ’ போன்ற துணைவினைகளாலும் வினாவடிவாலும் ஈடுசெய்கின்றது. எனவே ‘மே ஐ நோ ஹூ இஸ் காலிங்?’ என்பதே ‘நீங்கள் யார்?’ என்பதன் உண்மையான இணையாகும். ஒரு மொழியின் பணிவு முறையை மறுமொழிக்கு அப்படியே பெயர்ப்பதால் நேரும் இத்தகு தவறுகளை ஜென்னி தாமஸ் 1983இல் பயன்வழித் தோல்வி என்னும் கருத்தின்கீழ் விளக்கினார்.

பணிநெறிக் குறிப்பில் மற்றொரு சிக்கலும் உண்டு. ஊழியருக்கு இடும் கட்டளையும் அழைப்பவரிடம் சொல்ல வேண்டிய தொடரும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. ஊழியரை நோக்கிய ‘டேக் எ மெசேஜ்’ என்னும் ஏவல் முறையானது. அழைப்பவரை நோக்கிய ‘டெல் யுவர் நேம்’ முறையன்று. ‘ப்ளீஸ்’ சேர்த்தாலும் ஏவல் ஏவலாகவே நிற்கும்.

திருத்த வரிசை

முதலில், ஒவ்வொரு தொடரும் யாரை நோக்கியது என மாணவரே குறிக்க வேண்டும். இரண்டாவதாக, அழைப்பவரை நோக்கிய தொடர்களில் தமிழின் ‘-ங்கள்’ எங்கே போயிற்று என வினவி, அதற்கு ஈடான வடிவைத் தேடச் செய்யலாம். மூன்றாவதாகப் பொருள் மாற்றும் சொற்களையும், இறுதியில் உருபுப் பிழைகளையும் திருத்தலாம்.

முடிவுரை

‘இன்ஃபார்ம் டு’ என்பதைக் கேட்பவர் பொருள் உணர்ந்து கடந்துவிடுவர். ‘ஹூ ஆர் யூ?’ என்பதைக் கேட்பவரோ பேசுபவரின் பண்பையே ஐயுறுவர். தாய்மொழியில் பணிவறிந்த மாணவர் ஆங்கிலத்தில் பண்பற்றவராகக் கருதப்படுவது அவருக்கு இழைக்கப்படும் அநீதி. ஆதலின் திருத்தம் உருபில் அன்றிப் பணிவில் தொடங்குதல் வேண்டும்.