இரண்டு வினாடி வரவு

சில நிமிடங்களில் முடியும் பிளிட்ஸ் செஸ்ஸில் வெல்வது மூளையா, கைவேகமா என்று போச்சம்பள்ளி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அதைத் தீர்மானிப்பது பலகைக்குப் பக்கத்தில் இருக்கும் கடிகாரம் என்பேன். 2008-இல் அமெரிக்கப் பெண்கள் சாம்பியன் பட்டம் ஒரே ஒரு பிளிட்ஸ் ஆட்டத்தில் முடிவானது. வெள்ளை ஆடிய இரினா க்ருஷுக்கு 6 நிமிடம். கறுப்பு ஆடிய அன்னா ஸடோன்ஸ்கிக்கு நாலரை நிமிடம்தான், ஆனால் டிரா ஆனாலே பட்டம் அவருக்கு. கடைசியில் க்ருஷின் நேரம் முதலில் தீர்ந்தது. ஸடோன்ஸ்கியிடம் மிச்சம் 1 வினாடி. தான் கடிகாரப் பொத்தானை அழுத்தும் முன்பே எதிராளி காயை நகர்த்தினார் என்று க்ருஷ் பிறகு பகிரங்கக் கடிதம் எழுதினார். சர்ச்சை காய்களைப் பற்றியதல்ல, கைகளைப் பற்றியது.

இதற்கு மருந்து அப்போதே இருந்தது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சிறிது நேரத்தைக் கூட்டித் தரும் கடிகாரத்தை பாபி ஃபிஷர் 1992-இல் ஸ்பாஸ்கியுடன் ஆடிய மறுபோட்டியிலேயே பயன்படுத்தினார். ஆட்டக்காரர்கள் இன்கிரிமென்ட் என்பது இதைத்தான். இன்றைய உலக பிளிட்ஸ் போட்டியில் ஆளுக்கு 3 நிமிடம், நகர்த்தலுக்கு 2 வினாடி வரவு. கையிருப்பு தீர்ந்த வீட்டை அன்றாடப் பால் காசு தாங்குவதுபோல் அந்த 2 வினாடி ஆட்டத்தைத் தாங்குகிறது. யானை ஒன்று அதிகம் வைத்திருப்பவரிடம் 3 வினாடிதான் மிச்சம் என்று வையுங்கள். வரவில்லாத கடிகாரத்தில் எதிராளி ராஜாவை இங்குமங்கும் நகர்த்திக் காத்திருந்தாலே போதும், ஜெயித்துவிடலாம். வரவு இருந்தால், முடிக்கும் வழி தெரிந்தவரைக் கடிகாரம் தோற்கடிக்காது. கைவேகத்துக்கும் கட்டுப்பாடு உண்டு: நகர்த்திய கையாலேயே பொத்தானை அழுத்த வேண்டும் என்பது விதி.

அப்படியும் பிளிட்ஸ் குருட்டு அதிர்ஷ்டம்தான் என்பவர்கள் 2024 டிசம்பரில் நியூயார்க்கில் நடந்த பெண்கள் உலக பிளிட்ஸ் போட்டியைப் பார்க்கட்டும். நம் வீராங்கனை வைஷாலி முதல் கட்டத்தின் 11 சுற்றில் 9.5 புள்ளியுடன் முதலிடம் பிடித்தார். காலிறுதியில் சூ ஜினரை 2.5–1.5 என வென்று, அரையிறுதியில் ஜூ வென்ஜுனிடம் 0.5–2.5 எனத் தோற்று, வெண்கலம் பெற்றார். பட்டம் வென்ற ஜூ, நிதான ஆட்டத்திலும் அப்போது பெண்கள் உலக சாம்பியன். வைஷாலியோ நிதானமாக ஆடும் பெண்கள் கிராண்ட் ஸ்விஸ்ஸை 2023, 2025 இரண்டு முறையும் வென்றவர். அதிர்ஷ்டம் இப்படித் தேடிப்பிடித்து வல்லவர்களிடமே போகாது. பிளிட்ஸ் மட்டுமே ஆடும் குழந்தைக்கு ஆழம் வராது என்ற கவலையில் நியாயம் உண்டு. நிதானத்தில் சேர்த்ததைத்தான் வேகத்தில் செலவழிக்க முடியும். அதற்காகக் கடிகாரத்தையே கண்ணில் காட்டாமல் பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்புவது அநியாயம். ஓசூரில் கைக்கடிகாரம் செய்யும் மாவட்டம் இது; பலகை வாங்கும் பள்ளி கடிகாரத்தையும் சேர்த்து வாங்கட்டும். பணமில்லையென்றால் கைபேசிச் செயலி போதும், இன்கிரிமென்ட்டைப் பூஜ்யத்தில் விட்டுவிடாமல் 2 வினாடி வைத்தால் சரி.