திருச்சிக்குச் சென்னையைவிட யாழ்ப்பாணம் பக்கம்! 184 கி.மீ. பறக்க ஏன் ஒரு மணி நேரம்?

திருச்சி விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 295 கி.மீ. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையமோ சுமார் 184 கி.மீ.தான். தலைநகரைவிடக் கடல் தாண்டியிருக்கும் ஊர் பக்கம்!

2025 மார்ச் 30-ல் இண்டிகோ இந்த இரண்டு ஊர்களுக்கும் நேரடி விமானத்தைத் தொடங்கியது. பயண நேரம் சுமார் ஒரு மணி.

இங்கேதான் ஒரு கேள்வி. இந்தத் தடத்துக்கு வந்தது ஏ.டி.ஆர். ரகச் சிறிய விமானம். மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் பறக்கக்கூடியது. கணக்குப்படி 184 கி.மீ.க்கு 22 நிமிடம் போதுமே?

மீதி நேரம் எங்கே போகிறது?

டிக்கெட்டில் இருப்பது வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து, போய்ச் சேர்ந்து நிற்கும்வரை எல்லாமே அதில் அடக்கம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்ல வேண்டும், அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. காற்றின் திசைக்கு ஏற்பச் சுற்றி வந்து ஓடுபாதைக்கு நேராகத் திரும்பவும் வேண்டும். குறுகிய பயணத்தில் ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும்!

அதனால்தான் சுமார் 420 கி.மீ. தள்ளியிருக்கும் கொழும்புக்கும் திருச்சியிலிருந்து ஏறக்குறைய அதே ஒரு மணி நேரம்தான்.

அப்படியானால் என்ன லாபம்?

லாபம் வானத்தில் இல்லை, தரையில்! கொழும்பில் இறங்கினால் யாழ்ப்பாணத்துக்கு இன்னும் சுமார் 400 கி.மீ. பஸ்ஸோ ரயிலோ, ஏழெட்டு மணி நேரம் ஆகிவிடும். பலாலியில் இறங்கினால் யாழ் நகரம் சுமார் 16 கி.மீ.தான்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சாவு என்று வைத்துக்கொள்ளுங்கள். திருச்சியில் இருக்கும் தம்பி கொழும்பு வழியாகப் போனால், அண்ணன் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பது சந்தேகம்தான். பலாலிக்கு விமானம் இருக்கும் நாளென்றால் அன்றைக்கே போய்ச் சேரலாம்.

இது புதிய வழியும் அல்ல. 1947-லேயே ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. பிறகு போர் வந்தது, வானம் மூடியது. 2019 அக்டோபரில்தான் பலாலி மீண்டும் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. கொரோனாவால் நின்ற சென்னை விமானம், 2022 டிசம்பரில் திரும்ப வந்தது.

கிளம்பும் முன்...

தூரம் குறைவு என்றாலும் இது வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட்டும் பயண அனுமதியும் கட்டாயம். மூன்று மணி நேரம் முன்னதாகவே விமான நிலையத்தில் இருங்கள். குடியேற்றச் சோதனை, நகரத்துக்குப் போகும் நேரம் எல்லாம் சேர்த்தால் ஐந்து மணி நேரமாவது ஆகும். விமான அட்டவணை மாறக்கூடும் என்பதால், தேதியை உறுதிசெய்துகொண்டு டிக்கெட் எடுங்கள். இரு நாட்டுக்கும் ஒரே நேரம்தான். கைக்கடிகாரத்தைத் திருத்தவே வேண்டாம்!